பழைய கிளாரினெட்: எண்ணைத் தேடுவதற்கு முன்

“கிளாரினெட்டின் மேல் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. எந்த வருஷத்து வாத்தியம் என்று சொல்ல முடியுமா?” பழைய கிளாரினெட் ஒன்று கைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தாத்தா பேண்டு செட்டில் வாசித்ததாக இருக்கும், பரணிலிருந்து இறங்கியதாக இருக்கும், பழைய பொருள் கடையில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். கேள்வி ஒன்றுதான்.

எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்கில் எண் போட்டது. ஒரே 30,000-ஆவது எண் பாரிஸ் கம்பெனி ஒன்றில் ஒரு காலத்தையும், லண்டன் கம்பெனியில் வேறொரு காலத்தையும் குறிக்கும். எண்ணே போடாமல் விற்றவர்களும் உண்டு. யார் செய்தது, எந்த அமைப்பு, எந்தச் சுருதி, எந்த மாடல் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எண்ணுக்கு அர்த்தம் வரும். ஆகவே எண்ணைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தை முதலில் பாருங்கள்.

பார்ப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். துடைக்காதீர்கள். பித்தளை பாலிஷ், தேங்காய் எண்ணெய், புளி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். கம்பெனி முத்திரை மரத்தில் மிக மேலோட்டமாகவே பதிந்திருக்கும். பல வருஷம் கைபட்டுத் தேய்ந்து பாதிதான் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சமும் ஒரு மத்தியான வேளைச் சுத்தத்தில் போய்விடும். முத்திரை தெரியவில்லை என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் பிடித்து, மரத்தை மெதுவாக உருட்டுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்து நிழல் கட்டி எழும். அதைப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பார்த்தால் இன்னும் இரண்டு எழுத்து கிடைக்கும். இறுகிப்போன துண்டுகளை முறுக்கிப் பிரிக்கவும் வேண்டாம். மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும். உலர்ந்த அறையில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தானாக இளகும்.

இப்போது வாத்தியத்தின் முதுகுப் பக்கம் பாருங்கள். இடது கைப் பெருவிரல் மூடும் துளையைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் போம் அமைப்பு. வளையம் இல்லாமல் வெறும் துளையாக இருந்தால் ஆல்பர்ட் அமைப்பு அல்லது அதன் உறவுமுறை. உறுதிப்படுத்த வலது கைச் சுண்டுவிரல் இடத்தைப் பாருங்கள். போமில் அங்கே நான்கு கீ இருக்கும். ஆல்பர்ட்டில் இரண்டு, பெரும்பாலும் நடுவில் உருளை வைத்தவை. வழக்கமான போம் கிளாரினெட்டுக்கு 17 கீ, 6 வளையம். 20 கீ, 7 வளையம் இருந்து, கீழ்த் துண்டு வழக்கத்தைவிட நீளமாக இருந்தால் அது முழு போம். கீழே ஈ ஃப்ளாட் வரை இறங்கும், அரிதாகவே கிடைக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐவான் முல்லர் என்ற வாசிப்பாளர் 1812-இல் பாரிஸ் கன்சர்வேட்டரியின் முன் வைத்த 13 கீ கிளாரினெட்தான் இன்றைய எல்லாவற்றுக்கும் மூலம். அந்த வழியில் வந்ததைத்தான் பிரஸ்ஸல்ஸ் நகரத்து யூஜீன் ஆல்பர்ட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் செம்மைப்படுத்தினார். போம் அமைப்பை ஹயசிந்த் குளோசே என்ற பேராசிரியரும் லூயி ஆகஸ்த் புஃபே என்ற கைவினைஞரும் 1839-இலிருந்து 1843-க்குள் உருவாக்கினார்கள். இதை வைத்து “ஆல்பர்ட் என்றால் 1880, போம் என்றால் அதற்குப் பின்” என்று நினைத்துவிட வேண்டாம். போம் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் மலிவு விலை வாத்தியங்களும் பட்டாள பேண்டு வாத்தியங்களும் பழைய அமைப்பிலேயே வந்துகொண்டிருந்தன. 1920-களிலும் 30-களிலும் செய்த ஆல்பர்ட் கிளாரினெட்டுகள் ஏராளம். அமைப்பு வம்சத்தைச் சொல்லும், வயதைத் தனியாகச் சொல்லாது.

வயதைப் பற்றிப் பேசுவது கீ பொருத்தியிருக்கும் விதம். மரத்தையே கடைந்து மேடாக விட்டு, அந்த மேட்டைக் கீறி அதற்குள் கீயை நிறுத்தியிருந்தால் வாத்தியம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியின் பாணி. உலோகத் தூண்களைத் திருகி அதில் கீ நின்றால் அதற்குப் பிந்தியது. வெளிர் மஞ்சள் பாக்ஸ் மரம், தந்த வளையம், தட்டையான பித்தளைக் கீ மூன்றும் சேர்ந்திருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அருங்காட்சியக ஆள் ஒருவரிடம் காட்டுங்கள். வாசிக்கும் ஆசை வேண்டாம்.

அடுத்தது சுருதி. நம் ஊரில் கிடைக்கும் பழைய வாத்தியங்களில் மிகப் பெரிய ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. ஆனால் அது ஏமாற்றமாக இருக்க வேண்டியதில்லை.

19-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஒரு சுருதி இருந்தது. பிரான்ஸ் 1859-இல் ஏ ஸ்வரத்தை 435 ஹெர்ட்ஸ் என்று சட்டம் போட்டு நிறுத்தியது. இங்கிலாந்தில் கச்சேரி மேடைகள் 1890-களில் 439-க்கு இறங்கின. ஆனால் பிரிட்டிஷ் பட்டாள பேண்டுகள் 452-ஐ ஒட்டிய பழைய உயர் சுருதியை 1920-களின் கடைசி வரை விடவில்லை. இன்றைய 440-க்கும் அதற்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அரைக் கட்டையில் பாதி. அதாவது உயர் சுருதி பி ஃப்ளாட் கிளாரினெட் 6½ கட்டையிலும் நிற்காது, 7 கட்டையையும் தொடாது, நடுவில் தொங்கும். கீபோர்டோடும் ஹார்மோனியத்தோடும் வாசித்தால் மவுத்பீஸுக்கு அடுத்திருக்கும் சிறு துண்டான பேரலை எவ்வளவு வெளியே இழுத்தாலும் சேராது. ஒரு ஸ்வரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும்.

இதை நாடா வைத்தே கண்டுபிடிக்கலாம். மவுத்பீஸை எடுத்துவிட்டு, பேரலின் மேல் விளிம்பிலிருந்து பெல்லின் அடி வரை அளந்து பாருங்கள். இன்றைய பி ஃப்ளாட் கிளாரினெட் 59, 60 செ.மீ. இருக்கும். அதே உருவில் ஒன்றரை, இரண்டு செ.மீ. குறைந்தால் உயர் சுருதி என்று சந்தேகப்படுங்கள். 63, 64 செ.மீ. என்றால் அது ஏ கிளாரினெட், 6 கட்டை. 52, 53 செ.மீ. என்றால் சி கிளாரினெட், 1 கட்டை. பேரல் மாற்றப்பட்டிருந்தால் அளவு ஏமாற்றும். ஆகவே மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் தனித்தனியாகவும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சில வாத்தியங்களில் எச்.பி. அல்லது எல்.பி. என்ற ஆங்கில எழுத்துகள் முத்திரைக்குக் கீழோ எண்ணுக்குப் பக்கத்திலோ இருக்கும். முன்னது உயர் சுருதி, பின்னது தாழ் சுருதி. இன்றைக்குப் பொருந்துவது பின்னது. அந்த எழுத்துகளைக் கடைக்காரர் பெயரின் சுருக்கம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உயர் சுருதியில் செய்த இங்கிலாந்து வாத்தியம் என்று உறுதியானால் அது பெரும்பாலும் 1930-க்கு முந்தியது. எண் தராத தகவலை அளவுநாடா தந்துவிடும்.

மேல்நாட்டு விற்பனையாளர்கள் உயர் சுருதி வாத்தியத்தைக் கிட்டத்தட்ட விறகாகத்தான் மதிப்பார்கள். கர்நாடக சங்கீதம் வாசிப்பவருக்கு அந்த மதிப்பீடு பொருந்தாது. நமக்குச் சுருதிப் பெட்டிதான் ஆதாரம். மின்னணுச் சுருதிப் பெட்டியை அரைக் கட்டைக்கு நடுவில் நுணுக்கமாகத் திருப்பி வைக்க முடியும். வயலினும் மிருதங்கமும் அதற்கு இசைந்து வரும். அதேபோல ஆல்பர்ட் அமைப்பையும் தள்ளிவிட வேண்டாம். விரலின் சதை நேரடியாகத் துளையில் உட்காருவதால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக அதில் வசதி அதிகம். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் வாசித்த ஜார்ஜ் லூயிஸ், பார்னி பிகார்ட் போன்றவர்கள் ஆல்பர்ட்டை விரும்பியதற்கும், துருக்கியில் இன்றைக்கும் ஜி கிளாரினெட் அந்த அமைப்பிலேயே விற்பதற்கும் இதுவே காரணம். கமகம் வாசிப்பவருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே நுழைந்த வாத்தியம் இது. ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி மேடைக்கு உயர்த்தி, 2008-இல் சங்கீத கலாநிதி பட்டம் வரை கொண்டுபோனார். உங்கள் கையில் இருக்கும் பழைய வாத்தியத்தின் மதிப்பை லண்டன் ஏலக்காரரின் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள்.

மரமா, எபோனைட்டா, பிளாஸ்டிக்கா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிப்புறம் எல்லாமே கறுப்பாக இருக்கும். பெல்லின் உட்பக்கத்திலும், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் முனையிலும் பாருங்கள். ரேகை ஓடினால் மரம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அது பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கிரனடில்லா. எபோனைட் என்பது கெட்டிப்படுத்திய ரப்பர். வெயில் பட்ட பக்கம் பச்சை கலந்த பழுப்பாக மாறியிருக்கும், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். சூடான நாடுகளில் மரம் வெடிக்கும் என்று பட்டாள பேண்டுகளுக்கு எபோனைட் கிளாரினெட்டுகள் விற்கப்பட்டன. ஆகவே எபோனைட் என்றதும் மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். ரேகையும் இல்லை, வாடையும் இல்லை, நிறமும் மாறவில்லை என்றால் பிளாஸ்டிக். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிந்திய மாணவர் வாத்தியமாக இருக்கும். முழுக்க உலோகமாக இருந்தால் பெரும்பாலும் 1920, 30-களின் அமெரிக்கச் சரக்கு.

இனி பெயர். முத்திரையில் இருக்கும் பெயர் செய்தவருடையதா, விற்றவருடையதா என்பதுதான் கேள்வி. பிரான்சில் நார்மண்டிப் பகுதியின் லா கூத்தூர் பூசே என்ற சிற்றூரும் அதன் சுற்றுப்புறமும் தலைமுறை தலைமுறையாக மர ஊதுவாத்தியம் கடைந்தன. அங்கிருந்து போன வாத்தியத்தில் லண்டன், நியூயார்க், கல்கத்தா என்று எந்த ஊர்க் கடைக்காரரின் பெயரை வேண்டுமானாலும் அடித்துக் கொடுப்பார்கள். பெயர் கடைக்காரருடையதாக இருந்தால் எண்ணைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்குப் பதிவேடு எதுவும் கிடைக்காது. அமைப்பும் சுருதியும் நாட்டின் பெயரும் காட்டும் கால எல்லையோடு நிற்க வேண்டியதுதான்.

அந்த நாட்டின் பெயர் நல்ல சாட்சி. அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆகவே ‘பிரான்ஸ்’ என்று பொறித்திருந்தால் ஏற்றுமதிக்காகச் செய்தது, பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. கிராஸ்லிட்ஸ் என்ற ஊர் 1918 வரை ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் இருந்தது, பிறகு செக்கோஸ்லோவாக்கியா. அங்கே கோலர்ட் குடும்பம் செய்த கிளாரினெட்டில் எந்த நாடு எழுதியிருக்கிறது என்பதே காலத்தைப் பிரித்துவிடும். ‘ஜெர்மனி, அமெரிக்க மண்டலம்’ என்றிருந்தால் 1945-க்கும் 1949-க்கும் நடுவில். ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில்.

கம்பெனிப் பெயர்களும் இப்படித்தான். லண்டனில் பூசி கம்பெனியும் ஹாக்ஸ் கம்பெனியும் தனித்தனியாக இருந்து 1930-இல் ஒன்றாயின. ‘ஹாக்ஸ் அண்டு சன், டென்மன் ஸ்ட்ரீட், பிக்காடில்லி’ என்று இருந்தால் 1930-க்கு முன். ‘பூசி அண்டு கம்பெனி, 295 ரீஜென்ட் ஸ்ட்ரீட்’ என்றாலும் அப்படியே. ‘பூசி அண்டு ஹாக்ஸ்’ என்று சேர்ந்து இருந்தால் 1930-க்குப் பின். லாஃப்ளூர் என்ற பெயரில் ஜாக்கிரதை. ஹாக்ஸ் 1917-இல் அந்தக் கம்பெனியை வாங்கி, பெயரை மலிவுச் சரக்குக்குத் தொடர்ந்து பயன்படுத்தியது. இங்கிலாந்து அரசுச் சொத்துக்கு அடிக்கும் அம்பு முனைக் குறி, ரெஜிமென்ட் பெயர், வருஷம் ஆகியவை பட்டாள வாத்தியங்களில் காணக் கிடைக்கும். அந்த வருஷம் பட்டாளம் பெற்றுக்கொண்ட வருஷம்.

பாரிஸ் புஃபே கிராம்போனில் இன்னொரு சிக்கல். எவெத், ஷெஃபர் என்ற இருவர் 1885-இல் கம்பெனியை ஏற்றார்கள். அந்தக் காலத்து முதல்தர வாத்தியங்களில் அவர்கள் பெயர் இருக்கும். பிற்காலத்தில் அதே ‘எவெத் அண்டு ஷெஃபர்’ நடுத்தர வகைக்கான பெயராகிவிட்டது. ஒரே பெயர், இரண்டு தரம். இன்று உலகெங்கும் தேடப்படும் ஆர் 13 மாடலோ 1950-களில் வந்தது. பழைய ஆர் 13-களில் ஆர் 13 என்று எங்கும் எழுதியிருக்காது. லைர் படம் போட்ட கம்பெனி முத்திரையும் எண்ணும்தான். மாடல் பெயர் பொறிக்கவில்லை என்பதற்காக மலிவாக விற்றுவிடாதீர்கள். செல்மர் கம்பெனி வாத்தியத்தில் எந்த ஊர் என்று பாருங்கள். பாரிஸ் என்றால் மேல்தட்டு. பண்டி, சிக்னெட் போன்றவை அமெரிக்கச் செல்மரின் பெயர்கள்.

மாடலைத் துளை அளவால் உறுதிசெய்ய முடியும் என்பதற்கு பூசி அண்டு ஹாக்ஸின் 1010 நல்ல உதாரணம். இங்கிலாந்துக் கிளாரினெட் வாசிப்பாளர்கள் ஃபிரெடரிக் தர்ஸ்டனும் ஜாக் பிரைமரும் வாசித்தது அது. ரீஜென்ட், எட்ஜ்வேர், எம்பரர், இம்பீரியல் 926 என்று அதே கம்பெனி விற்ற வகைகளுக்கு நடுவில் 1010-ஐப் பெயர் தேய்ந்த நிலையிலும் பிடித்துவிடலாம். உட்துளை 15.2 மி.மீ., மேல் துண்டு முழுக்க ஒரே அகலம். ஆர் 13-இல் மேல் துண்டின் அடிப்பக்கத்தில் 14.6 மி.மீ.யை ஒட்டியே வரும். வெர்னியர் காலிப்பரின் உட்பக்க அலகுகளை மேல் துண்டின் கீழ் முனையில் வைத்து அளவெடுங்கள். பழைய மரம் காய்ந்து துளை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். ஆகவே குறுக்காக ஒருமுறை, அதற்குச் செங்கோணத்தில் ஒருமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். உலோக அலகு மரத்தைக் கீறாதபடி மெல்லத் தொட்டால் போதும்.

1010 கையில் வந்தவர்கள் சிலர் “சுருதியே சேரவில்லை, போலி” என்று சொல்லிவிடுகிறார்கள். கோளாறு மவுத்பீஸில். அந்த அகலத் துளைக்கு அதற்கென்றே அகலமாகக் கடைந்த மவுத்பீஸ் வேண்டும். இன்று கடையில் வாங்கும் பிரெஞ்சுத் துளை மவுத்பீஸைப் போட்டால் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒன்றோடு ஒன்று சேராது. பெட்டிக்குள் கிடக்கும் பழைய மவுத்பீஸ் விளிம்பு உடைந்து, மஞ்சள் பூத்து, பார்க்க அசிங்கமாக இருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். தேர்ந்த ஆளிடம் முகப்பைச் சரிசெய்து வாங்கலாம்.

இத்தனைக்கும் பிறகு எண்ணுக்கு வாருங்கள். மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் ஒரே எண் இருக்கிறதா? வேறு வேறு என்றால் இரண்டு வாத்தியங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். கீயைக் கழற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் பொருத்தும்போது அடித்த சின்ன எண்கள் சில வாத்தியங்களில் இருக்கும். எல்லாக் கீயிலும் அதே சின்ன எண் என்றால் கீகள் பிறந்தபோது வந்தவை. பேரலும் பெல்லும் அடிக்கடி மாறும். அவற்றின் முத்திரையும் உடலின் முத்திரையும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

புஃபே கிராம்போனும் செல்மரும் தங்கள் எண்களின் காலக் கணக்கை வெளியிட்டிருக்கின்றன. செல்மர் பாரிஸில் எண்ணுக்கு முன் வரும் ஆங்கில எழுத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். அதை விட்டால் பல வருஷம் தள்ளிப் போய்விடும். பூசி, ஹாக்ஸ் கம்பெனிகளின் பழைய பதிவேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு எழுதும்போது இரண்டு துண்டுகளின் எண், முத்திரையின் படம், முன்பக்கம், பின்பக்கம், அளவுகள் எல்லாம் ஒரே கடிதத்தில் போகட்டும். ஊர் பேர் தெரியாத முத்திரை என்றால் நியூ லாங்வில் இண்டெக்ஸ் என்ற அகராதியில் தேடுங்கள். ஊதுவாத்தியம் செய்தவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. படத்தோடு ஒப்பிட எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஷாக்கில்டன் தொகுப்பு சிறந்தது. பனியுகங்களின் காலநிலையை ஆராய்ந்த விஞ்ஞானி நிக்கோலஸ் ஷாக்கில்டன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கிளாரினெட்டுகள் அவை. அங்கே உங்கள் வாத்தியத்தின் உடன்பிறப்பு இருக்க வாய்ப்பு அதிகம். பட்டியல் தரும் வருஷத்தை ஒரே புள்ளியாக நினைக்க வேண்டாம். செய்ததற்கும் விற்றதற்கும் நடுவில் ஓரிரு வருஷம் போகும். “1930-களின் நடுப்பகுதி” என்று சொல்வது நேர்மையான பதில்.

வயது தெரிந்துவிட்டது, வாத்தியமும் முழுசாக இருக்கிறது என்றால் வாசிக்கத்தானே தோன்றும். வாசியுங்கள், ஆனால் பல வருஷம் காய்ந்து கிடந்த மரத்துக்குள் மூச்சின் ஈரம் ஒரேயடியாகப் போனால் மேல் துண்டு கீ திருகிய இடத்திலிருந்து வெடிக்கும். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முடித்ததும் உட்துளையைப் பஞ்சுத் துணியால் துடைத்து, துண்டு துண்டாகப் பிரித்து, ஏ.சி. காற்றும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். பேட்கள் மாற்ற வேண்டியிருக்கும், கார்க் மாற்ற வேண்டியிருக்கும். அதைச் செய்யும் ரிப்பேர்க்காரரிடம் கீகளுக்குப் புது முலாம் வேண்டாம், முத்திரை இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.